கடன் வாங்கிய மலை

தான் துவான் எங் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' நாவலை இடிபாடு தேடி மலையேறும் கதையாகவும் வாசிக்கலாம். ஆனால் ஏறிப்போனாலும் பார்ப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. நாவலின் பலம் அதில்தான் இருக்கிறது. எனக்கு அதன்மேல் உள்ள வழக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

2012இல் வந்த நாவல் இது. அந்த ஆண்டு புக்கர் குறும்பட்டியலுக்குப் போனது, மேன் ஆசிய இலக்கியப் பரிசையும் வென்றது. 2019இல் படமாகவும் வந்துவிட்டதால் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பணி ஓய்வு பெற்ற நீதிபதி தியோ யுன் லிங் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துக் கேமரன் மலைக்குத் திரும்புகிறார். மொழியும் நினைவும் கைவிட்டுப் போகும் நோய் அவருக்குத் தொடங்கியிருக்கிறது. அதற்குள் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட வேண்டும். ஜப்பானியர் காலத்தில் அவரும் அவருடைய அக்காவும் காட்டுக்குள் இருந்த ஓர் அடிமை முகாமில் அடைபட்டிருந்தார்கள். போர் முடியும்போது ஜப்பானியர்கள் அந்த முகாமைக் கைதிகளோடு சேர்த்து அழித்துவிடுகிறார்கள். தப்பியது யுன் லிங் மட்டும். அக்காவின் நினைவாக ஒரு ஜப்பானியத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று, 1951இல் ஜப்பானியப் பேரரசரின் முன்னாள் தோட்டக்கலைஞர் அரிதோமோவிடம் அவர் மாணவியாகச் சேர்கிறார். முகாம் எந்த மலையில் இருந்தது என்பது கடைசிவரை அவருக்கு உறுதியாகத் தெரிவதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, இடிபாடே இல்லாத இடத்தை எப்படி நினைவுகூர்வது என்ற கேள்வியை இவ்வளவு பொறுமையாகக் கையாண்ட மலேசிய நாவல்கள் குறைவு.

நான் ஒரு கட்டுமானப் பொறியாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். இடிபாடு என்றாலே எனக்கு முதலில் தோன்றுவது, எந்தப் பொருளில் கட்டினார்கள் என்ற கேள்விதான். துருக்கியின் மலைகளில் 1,450 மீட்டருக்கும் மேலே சகலாசோஸ் என்ற ரோமானியர் கால நகரம் இருக்கிறது. இன்றைக்கும் மலையேற்றக்காரர்கள் தேடிப்போகும் இடம். அங்குள்ள பெரிய நீரூற்று மண்டபத்தைத் தொல்லியலாளர்கள் கல் கல்லாக அடுக்கி நிமிர்த்தியிருக்கிறார்கள். 2010இல் அதில் மறுபடியும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. இதெல்லாம் முடிந்ததற்குக் காரணம் அது கல். நம் நாட்டுக்கு வந்தால், 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் உச்சிப் பகுதியில் பழங்காலக் கட்டடத்தின் எச்சம் உண்டு. அதன் அடிவாரத்தில், மெர்போக்கில், புக்கிட் பத்து பகாட் சண்டியை 1960இல் மீட்டுக் கட்டினார்கள். நேரில் போனவர்களுக்குத் தெரியும், நாம் அங்கே பார்ப்பது அடித்தளத்தையும் கருவறைச் சுவரையும் தூண்கள் நின்ற கல் பீடங்களையும்தான். மரத்தூண்களும் கூரையும் மட்கிப் போய்விட்டன. கோயிலுக்கே அந்தக் கதி என்றால், அதைக் கட்டியவர்கள் படுத்துறங்கிய குடிசைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மண்ணில் எது மிஞ்சும் என்பதை உழைத்தவர்கள் முடிவு செய்வதில்லை, கட்டுமானப் பொருள்தான் முடிவு செய்கிறது. கல்லுக்குச் செலவழிக்க முடிந்தவர்களின் வரலாறு மலைமேல் நிற்கிறது. பலகைச் சுவரிலும் தகரக் கூரையிலும் வாழ்ந்தவர்களுடையது இரண்டு மழைக்காலம் தாண்டினாலே புல்மண்டிப் போகிறது. கடாரம் என்ற சொல்லைக் கேட்டாலே மெய்சிலிர்க்கும் நம்மவர்கள் பலர் ஜெராய் அடிவாரத்துக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். 2013இல் அந்த வட்டாரத்திலேயே பதினோராம் எண் சண்டி இடிக்கப்பட்டது வெளியில் தெரிந்தபோது நமக்கு வந்த கோபமும் நியாயமானதே. ஆனால் லயத்து வீடுகள் இடிபடும்போது அதில் கால்வாசிக் கோபம்கூட எழுந்ததில்லை. இராஜேந்திர சோழனின் படை 1025இல் வந்து போனது. நம் தாத்தா பாட்டிகள் வந்து இங்கேயே இருந்தவர்கள்.

நாவலுக்குத் திரும்புகிறேன். ஜப்பானியத் தோட்டக்கலையில் 'ஷக்கேய்' என்று ஓர் உத்தி உண்டு. தோட்டத்துக்கு வெளியே இருக்கும் மலையையோ மரத்தையோ உள்ளேயிருந்து பார்க்கும் காட்சியின் பகுதியாக்கிக்கொள்வது. கடன் வாங்கிய காட்சி என்று தமிழில் சொல்லலாம். அரிதோமோ இதில் கைதேர்ந்தவர். அவருடைய 'யுகிரி' தோட்டம் சுற்றியிருக்கும் மலைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நாவலில் எனக்கு மிகப் பிடித்த பகுதிகள் இவைதான்.

இரண்டாம் வாசிப்பில், நாவலும் இதே உத்தியில்தான் நடக்கிறது என்று எனக்குப் பட்டது. கதை நிகழும் மஜூபா ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிறார்கள், பெரட்டில் நிற்கிறார்கள், சரிவில் வரிசையாகத் தெரிகிறார்கள். எல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம். நாவலின் பச்சை நிறத்துக்கு அவர்கள் தேவைப்படுகிறார்கள், அதன் நினைவுக்குத் தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். கதை சொல்வது யுன் லிங். பினாங்கின் வசதியான சீனக் குடும்பத்துப் பெண், மேல்நாட்டில் சட்டம் படித்தவர். அவர் கண்ணுக்குத் தெரிந்ததுதானே நாவலில் வரும், பாத்திரத்தின் எல்லையை ஆசிரியரின் எல்லை என்று சொல்லலாமா? நியாயமான கேள்வி. ஆனால் இந்த நாவல் பிறர் கதைகளை உட்கார்ந்து கேட்கும் நாவல். தோட்ட முதலாளி மேக்னஸின் போயர் போர்க் கதையை அது கேட்கிறது. ஜப்பானிய வரலாற்றாசிரியர் தத்சுஜி தற்கொலைப்படை விமானியாக இருந்த நாள்களைச் சொல்ல நீண்ட இடம் தருகிறது. எதிரி நாட்டவரின் துயரத்துக்கும் காது கொடுக்கும் யுன் லிங்கின் எதிரே ஒரு தமிழ்க் கிழவியை நாற்காலி போட்டு உட்கார வைக்க ஆசிரியருக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் ஜப்பானியர் காலத்தின் கட்டாய உழைப்பு என்றாலே நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு சயாம் மரண ரயில். ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் தண்டவாளம் போடப் போய்த் திரும்பவேயில்லை. அவர்களுக்கும் கல்லறை இல்லை, இடிபாடு இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' என்று தமிழ் நாவல்கள்தான் அவர்களுக்கான இடமாக இருக்கின்றன. யுன் லிங்கின் துயரத்துக்குப் பக்கத்து வீட்டுத் துயரம் அது. நடுவில் இருந்தது ஒரு தேயிலைச் சரிவு மட்டும்தான்.

எதிர்ப்பக்கம் வைத்துப் பார்க்க ஒரு புத்தகம் உண்டு. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'. இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. பாலாவின் 'பரதேசி' இதைத் தழுவியதே. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கதை. நாவல் கலை என்று பார்த்தால் தான் துவான் எங்கின் பக்கத்தில் டேனியலை வைக்க முடியாது. பாத்திரங்கள் தட்டை, வசனங்களில் பிரச்சாரம் தெரியும். ஆனால் அதில் மலை வெறும் காட்சியாக ஒரு பக்கத்தில்கூட இல்லை. அங்கே மலை என்றால் குளிர், அட்டை, காய்ச்சல், கடன். பனி அழகாக இருக்கிறது என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை.

என் பாட்டி கேமரன் மலையில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பிரிஞ்சாங் மலையில் பாசிக்காடு வரை நடந்துவிட்டு வந்து, சுங்கை பாலாஸ் சரிவுகளைப் பார்த்தோம், எவ்ளோ அழகு பாட்டி என்று ஒருமுறை படம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "கவ்வாத்து நல்லா பண்ணியிருக்கானுங்க" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியில் ஒரு விமர்சன முறையே இருப்பதாக எனக்குப் படுகிறது. தேயிலையை அப்படியே விட்டால் மரமாக வளர்ந்துவிடும். இடுப்பளவில் சமதளமாக அது நிற்பதற்குக் காரணம் விடாமல் வெட்டிய, பறித்த கைகள். 1929இல் போ நிறுவனம் இங்கே தோட்டம் போட்டபோது காட்டை அழித்தது ஒரு நீராவி ரோடு ரோலர், சில கோவேறு கழுதைகள், மீதி மனித உழைப்பு. பாதை, வடிகால், சரிவு எல்லாமே செய்யப்பட்டவை. இன்று சுங்கை பாலாஸில் தேநீர் குடிக்கும் தளம் சரிவுக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கேண்டிலீவர் அமைப்பு, நல்ல வேலை, நானே ரசித்திருக்கிறேன். அங்கிருந்து பார்க்கிறவர்கள் இயற்கையைப் பார்ப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் பார்ப்பது ஒரு கட்டுமானத்தை. இன்று அதில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். தளத்திலிருந்து பார்த்தால் அவர்களும் வரிசையாகத்தான் தெரிகிறார்கள்.

தான் துவான் எங் மீதான என் முறைப்பாடு இதுதான். அரிதோமோ ஒரு கல்லை எங்கே, எந்தக் கோணத்தில் வைத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நாவல், அந்தத் தோட்டம் கடன் வாங்கிய சரிவையும் ஒருவர் செய்துதான் வைத்தார் என்பதை யோசிக்கவில்லை. நம் இனத்துக்கு இட ஒதுக்கீடு கேட்டு இதைச் சொல்லவில்லை. இது நாவலின் சொந்தத் தர்க்கத்துக்குள்ளேயே விழுந்த ஓட்டை. தோட்டம் என்பது நினைவை வடிவமைப்பது என்றால், நாவலின் மிகப் பெரிய தோட்டம் மஜூபாதான்.

ஆனால் இதை அவர் எழுதவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நமக்கு வசதியான முடிவு. மலேசியத் தமிழ் நாவல்கள் பெரும்பாலும் ரப்பர் காட்டிலேயே நிற்கின்றன. நம் மக்கள் அதிகம் இருந்தது அங்கேதான் என்பதால் அது இயல்பு. கேமரன் மலை நம் கதைகளிலும் தேனிலவுக்கும் பள்ளிச் சுற்றுலாவுக்கும் போகும் இடமாகத்தான் அதிகம் வருகிறது. நாமும் அந்த மலையைக் கடன்தான் வாங்கியிருக்கிறோம்.

என் தொழிலில் இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்று, கட்டுவதற்கு முன்னால் போடுவது. இன்னொன்று, கட்டி முடித்தபின் உண்மையில் என்ன கட்டப்பட்டது என்று அளந்து போடுவது. 'ஆஸ் பில்ட்' என்போம். கேமரன் மலையின் முதல் வகை வரைபடம் நிறுவனங்களிடமும் அருங்காட்சியகங்களிடமும் இருக்கிறது. இரண்டாவதைப் போட வேண்டிய பெண்களுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். பெரட்டு எத்தனை மணிக்கு, கூடை எத்தனை கிலோ, லயத்தில் எத்தனை கதவு, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு எந்தச் சரிவில் ஏறினார்கள் என்று கேட்டால் இன்னும் சொல்வார்கள். நாவல் அதற்குப் பிறகு வரட்டும். முதலில் போய்க் கேட்க வேண்டும்.