வெட்டே இல்லாத 138 நிமிடங்கள்

2014 ஏப்ரல் 27, அதிகாலை நாலரை மணி. பெர்லினில் ஒரு நிலவறை நடன விடுதிக்குள் கேமரா ஓடத் தொடங்கியது. அது நின்றபோது மணி ஏறக்குறைய ஏழு. நகரம் நன்றாக விடிந்துவிட்டது. நடுவில் ஒரு வெட்டுகூடக் கிடையாது. ‘விக்டோரியா’ என்ற ஜெர்மன் படத்தின் 138 நிமிடங்களும் இப்படி ஒரே மூச்சில் எடுத்தவை. 22 இடங்கள். திரைக்கதை வெறும் 12 பக்கம். வசனத்தில் பெரும்பகுதி நடிகர்கள் அந்தந்த நொடியில் பேசியது. முழுப் படத்தையும் மூன்று முறை எடுத்தார் இயக்குநர் செபாஸ்டியன் ஷிப்பர். நாம் பார்ப்பது மூன்றாவது.

சாதனைதான், மறுக்கவே முடியாது. ஆனால் அந்தச் சாதனை கதைக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது?

விக்டோரியா மாட்ரிட்டிலிருந்து வந்து பெர்லினில் காபிக்கடையில் வேலை பார்ப்பவள். விடுதி வாசலில் நான்கு இளைஞர்களோடு பழக்கமாகிறது. அவர்களில் ஒருவனான பாக்ஸர், சிறையில் தன்னைக் காப்பாற்றிய ஆண்டி என்ற ரவுடிக்குப் பட்ட கடனைத் தீர்த்தாக வேண்டும். அதற்கு விலை ஒரு வங்கிக் கொள்ளை. கார் ஓட்ட ஆள் குறைகிறது. இவள் ஏறிவிடுகிறாள்.

நேற்றுவரை முகம் தெரியாதவர்களுக்காக ஒரு பெண் இப்படிப் போவாளா? படத்தின் மீது வைக்கப்படும் பெரிய குற்றச்சாட்டு இதுதான். எனக்கு அந்தக் குறை தோன்றவில்லை. காரணம், பியானோக் காட்சி. திறக்காத காபிக்கடையில், சோன்னே என்ற இளைஞன் முன்னால் உட்கார்ந்து அவள் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ‘மெஃபிஸ்டோ வால்ட்ஸ்’ வாசிக்கிறாள். விரல்கள் பறக்கின்றன. அவன் வாயடைத்துப் போகிறான். இளமை முழுவதையும் பயிற்சிக்கே கொடுத்தும் இசைப்பள்ளியில் தேறாமல் போனவள் என்பது அப்போதுதான் தெரிகிறது. தோழமைக்கு ஏங்கியவள், இழக்க எதுவும் இல்லாதவள். விக்டோரியாவாக நடித்த லயா கோஸ்டா அதை அழுது காட்டவில்லை, ஒரு சின்னச் சிரிப்பில் முடித்துவிடுகிறார்.

அடுத்த பலம், கொள்ளைக் காட்சி. வங்கிக்குள் கேமரா போகவே இல்லை. விக்டோரியாவோடு காரிலேயே உட்கார்ந்துவிடுகிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஓடி வந்து ஏறுகிறார்கள். கார் கிளம்ப மறுக்கிறது. வேறு படமென்றால் இந்த இடத்தில் முகம், சாவி, வாசல் என்று வெட்டி வெட்டிப் பதற்றம் சேர்ப்பார்கள். இங்கே கண்ணைத் திருப்ப வேறு இடமே இல்லை. நெஞ்சு படபடத்தது.

சரிவு அதற்குப் பிறகுதான். போலீஸ் சுற்றி வளைத்ததும் படம் பழகிய தடத்துக்குப் போய்விடுகிறது. துப்பாக்கிச் சண்டைக்கு வெட்டு தேவை. குண்டு பாய்வதும் ஆள் சாய்வதும் படத்தொகுப்பில்தான் உறைக்கும். இங்கே கேமரா பின்னால் ஓடுவதோடு சரி. யாரோ ஒருவர் வீட்டுக்குள் புகுந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தப்பிப்பதை என்னால் நம்ப முடியவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் உண்மையாக இருந்ததால்தான் இந்த ஒட்டு இவ்வளவு துருத்துகிறது. ரவுடி ஆண்டியும் பல படங்களில் பார்த்த அதே வில்லன்தான்.

கொள்ளைக்கு முன்னால் இளைஞர்களும் அவளும் மொட்டைமாடியில் பேசும் காட்சி நீளம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தக் குடிபோதை அரட்டையில் இவர்களோடு நாமும் நண்பர்களாகாவிட்டால், பின்னால் விழும் சாவுகள் வலிக்காது.

2015 பெர்லின் திரைப்பட விழாவில் ஒளிப்பதிவுக்காக வெள்ளிக் கரடி விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜெர்மன் திரைப்பட விருதுகளில் ஆறு. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது முதலில் வருவது, கேமராவைச் சுமந்து ஓடிய ஸ்டூர்லா பிராண்ட் கிரோவ்லனின் பெயர்.