உறையும் கவசமும்: ‘பெண்டோக்’ என்னும் சொல்லின் தமிழாக்கம் குறித்து

ஜாவா மக்களின் மரபுக் குறுவாளாகிய ‘கெரிஸ்’, இந்தோனேசியாவின் பண்பாட்டு மரபாக 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் உறுப்புகளைத் தமிழில் பெயரிட முற்படுவோர் முதலில் இடறுவது ‘பெண்டோக்’ என்னும் சொல்லில்தான்.

புணேயை அடுத்த ஹிஞ்சேவாடியின் மென்பொருள் வளாகமொன்றில் அமர்ந்து அருங்காட்சியகக் குறிப்பொன்றைத் தமிழாக்கும் ஒருவரை எண்ணிக்கொள்ளலாம். அவர் கணினியிலுள்ள சொற்பட்டியல் எல்லா வகை மூடிக்கும் ‘உறை’ என்ற ஒன்றையே நீட்டும். ‘வெள்ளி உறையில் வைத்த கெரிஸ்’ என அவர் எழுதுவார். தொடரில் இலக்கண வழு இல்லை, பொருளில் உண்டு. அலகு வெள்ளியைத் தொடுவதே இல்லை. அது கிடப்பது மர உறைக்குள். அவ்வுறையின் அகன்ற மேற்பகுதி ‘வராங்கா’. கீழே நீளும் தண்டு ‘கண்டார்’. அத்தண்டின்மேல் செருகப்படும் உலோகக் குழலே பெண்டோக், கழற்றி மாற்றத்தக்கது. மர உறையைச் செதுக்குபவர் ‘ம்ராங்கி’ எனப்படுவார். தகட்டைத் தட்டுவது வேறொரு தொழில். ‘உறை’ என்ற ஒரு சொல் இவ்விருவருள் ஒருவரை இல்லாமலாக்கிவிடுகிறது.

அக்கம்பக்கத்து மொழியும் இங்கு உதவாது. மராட்டியின் ‘ம்யான்’ பாரசீகக் கடன். அதுவும் உறையைத்தான் குறிக்கும். இந்திய வாளுறைகளின் உலோக உறுப்புகளுக்கு வழங்கும் ‘முஹ்னால்’, ‘தஹ்னால்’ ஆகியவை வாய்க்குழல், அடிக்குழல் எனப் பொருள்படுவன. அமரும் இடத்தால் பெயர் பெற்று, உறையின் இரு முனைகளை மட்டும் காப்பன. இவற்றுக்கு உலக்கையிலும் கைத்தடியிலும் பயிலும் ‘பூண்’ நன்கு பொருந்தும். தண்டு முழுவதையும் போர்த்தும் பெண்டோக்குக்குப் பூண் போதாது.

பொருத்தமான சொல் கோயில் வழக்கில் இருக்கிறது. கல் திருமேனிக்குச் சாத்தும் வெள்ளித் தகட்டுப் போர்வை ‘கவசம்’ எனப்படும். உள்ளிருப்பது வேறு பொருள், மேலிருப்பது தகடு, வேண்டும்போது களையலாம் என்னும் மூன்று கூறுகளும் பெண்டோக்குக்கும் உரியவை. செய்முறையும் நெருங்கியதே. தகட்டை இளகிய கலவைமீது பதித்து, பின்புறமிருந்து புடைக்கத் தட்டி, முன்புறம் சிற்றுளியால் நுணுக்குவது நகாசு வேலை. அவ்வாறு தகட்டைத் தாங்கும் கலவைக்கு ஜாவாவில் ‘ஜாபுங்’ என்று பெயர். பிசினும் செங்கற்பொடியும் சேர்ந்தது. தமிழ்ப் பட்டறையில் அவ்விடத்தில் அரக்கு இருக்கும்.

ஒரு தடை உண்டு. படைக்கலம் பற்றிய பேச்சில் ‘கவசம்’ என்றால் வீரனின் மெய்க்காப்பே நினைவுக்கு வரும். எனவே ‘உறைக்கவசம்’ என்பது தக்கது. சற்று நீளம்தான், ஆனால் மயக்கமில்லை. இதனை ஏற்றால் வகைப்பெயர்களும் எளிதில் அமையும். முழுதும் மூடிய ‘புந்தோன்’ மூடுகவசம். மரத்தின் வரி தெரிய முகப்பில் நெடுக வெட்டுவிட்ட ‘ப்ளேவா’ திறப்புக்கவசம். ‘கெமாலோ’ என்ற வகையை மட்டும் ‘வண்ணம் பூசியது’ என முடித்துவிடலாகாது. அரண்மனை வழக்கில் அந்நிறம் அணிபவரின் தகுதியைக் காட்டியது. ‘அரக்குநிறக் கவசம்’ எனலாமென்றால் தமிழில் அது சிவப்பை மட்டுமே குறிக்கும்; கெமாலோவிலோ பச்சையும் உண்டு. இங்கு மூலச்சொல்லையே வைத்து விளக்கம் தருவது நேர்மை.

பூணுக்கும் கெரிஸில் இடமுண்டு. பிடிக்கும் அலகுக்கும் நடுவே அமரும் ‘மெண்டாக்’ என்னும் வளையத்தைக் குறிக்க அதைவிடச் சிறந்த சொல் இல்லை.