தொழிற்படையும் ஆபத்துக் கணிப்பும்: மலையகம் நோக்கிய ஒரு விமர்சனக் குறிப்பு

செயற்கை நுண்ணறிவினால் ஒரு பிரதேசத்தின் தொழிலாளர் எவ்வளவு பாதிக்கப்படுவர் என்ற வினாவுக்கு ஒற்றை எண்ணில் விடையிறுக்கும் போக்கு இன்று பெருகியுள்ளது. இப்போக்குக்கு உரமூட்டியது, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரே, ஒஸ்போன் ஆகிய இருவரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வாகும். 702 தொழில்களை ஆராய்ந்த அவர்கள், அமெரிக்க வேலைவாய்ப்பில் 47 சதவீதம் இயந்திரமயமாகும் பெரும் ஆபத்தில் உள்ளதென்றனர். 2016 இல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் வெளியிட்ட ஆய்வோ, தொழிலை முழுமையாகக் கொள்ளாது அதில் அடங்கும் பணிகளை நோக்கி, அதே அமெரிக்காவுக்கு 9 சதவீதமெனக் கண்டது. அளவுகோல் மாறியதும் ஆபத்து ஐந்திலொன்றாகச் சுருங்கிற்று. இத்தகைய எண்ணை அரசாங்கங்கள் கொள்கைக்கு அடிப்படையாகக் கொள்வது விந்தையே.

எனினும் எமது கருத்து வேறுபாடு எண்ணின் பருமன் பற்றியதன்று. சர்வதேசத் தொழிலாளர் தாபனத்தின் 2023 ஆம் ஆண்டு ஆய்வு, எழுதுவினைஞர் பணிகளே மொழியைக் கையாளும் நுண்ணறிவுக்கு மிக அதிகம் உட்படுவன என்றும், அதனால் ஆண்களிலும் பெண்களே கூடுதலாகப் பாதிக்கப்படுவர் என்றும் கூறுகிறது. இவ்வளவுகோலை நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களில் வைத்துப் பார்ப்பின், கொழுந்து பறிக்கும் பெண் மிகவும் பாதுகாப்பானவள் என்றே விடை கிடைக்கும். செங்குத்தான மலைச்சரிவில் இரண்டு இலையும் மொட்டும் தேர்ந்து கிள்ளும் விரலுக்கு மாற்று எளிதில் அமையாது என்பது உண்மை. ஆனால் அவளது நாட்கூலியை நிர்ணயிப்பது விரல் மட்டுமா? குறித்த கிலோ நிறைவேறாவிடின் 'அரைப்பேர்' போடப்படுகிறது. நிறுப்பதும் பதிவதும் பிறர் கையில். அக்கணக்கைப் பொறியொன்று ஏற்று நாளாந்த அளவை உயர்த்துமாயின், அவள் வேலை அழியாது; வேலையின் கடுமை மாறும். பணிகளை எண்ணும் ஆய்வு இதனைக் காணாது.

வரலாறும் இவ்விடத்து எச்சரிக்கையாகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேயிலை உருட்டும் இயந்திரங்கள் தொழிற்சாலையில் மனிதக் கையை அகற்றின. ஆயின் மலையில் வேண்டப்பட்ட கைகளோ பெருகின. அதற்கு முன்னர் கோப்பித் தொழிலாளரின் பிழைப்பைக் குலைத்தது இயந்திரமன்று, 1869 இல் தோன்றிய இலைநோய்.

இனி, ஆய்வாளர் கவனத்துக்கு வராத முக்கிய அம்சம் ஒன்றுண்டு. தோட்டத்தின் தொழிற்படை தோட்ட எல்லைக்குள் முடிவதன்று. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னர், கல்வி கற்ற பிள்ளைகள் லயத்திலிருந்து வெளியேறத் தேடிய வழிகளில் எழுதுவினைஞர், தட்டெழுத்தாளர், கடைக் கணக்காளர் முதலிய தொழில்கள் அடங்கும். அண்மைக் காலத்தில் தொலைபேசி வழி வாடிக்கையாளர் சேவையும் அவ்வாறே. எண்கள் பேராபத்து என்று சுட்டுவதும் இவற்றைத்தான். தாய் நிற்கும் படியில் ஆபத்தில்லை. மகள் ஏறவேண்டிய படியே ஆட்டங்காண்கிறது. பிரதேசவாரியான அட்டவணையில் முன்னையது குறைந்த ஆபத்தாக மலையகத்தின் கணக்கில் ஏறும். பின்னையது கொழும்பின் கணக்கில் மறைந்துவிடும். தலவாக்கலையில் குடும்பத்தை வைத்துத் தலைநகரில் உழைப்பவர் எப்பிரதேசத்தின் தொழிற்படையில் எண்ணப்படுவர் என்பதை இக்கணிப்புகளைச் செய்வோர் முதலில் தீர்மானித்தல் வேண்டும்.