சிலம்பில்லாத வழக்கு

காவியங்களையும் நாவல்களையும் ஆராய்ந்து குணதோஷம் கூறுவதே விமர்சனம் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். பத்துப் பேர் படித்து மறக்கும் ஒரு கதையில் சந்தி பிழைத்தால் நான்கு பக்கம் கண்டனம் எழுதும் புலவர்கள், இலட்சக்கணக்கான மக்களின் உடலையும் உயிரையும் ஆளுகின்ற சட்ட வாக்கியங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சட்டமும் வசன நூலே. அதற்கும் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, காலம் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு. ஒரு நூலில் எச்சொல் எவ்விடத்து நின்று என்ன வேலை செய்கிறது என்று காண்பது விமர்சகன் கடனாயின், அக்கடன் சட்ட நூலுக்கும் உரியதே. ஆதலின் ஈண்டு நாம் ஆராயப் புகுவது ஒரே ஒரு வாக்கியம்.

அது 1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி மலாயாவில் அமுலுக்கு வந்து, 2012-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி நீக்கப்பெற்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் எட்டாம் ஷரத்து. இறுதியாக நின்ற வடிவில் அதன் கருத்து பின்வருமாறு: நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு விளைக்கும் எவ்வகையிலேனும் ஒருவர் நடவாதபடி தடுக்கும் பொருட்டு, அவரைக் காவலில் வைப்பது அவசியமென்று மந்திரிக்குத் திருப்தி ஏற்படின், இரண்டாண்டுகளுக்கு மேற்படாமல் அவரைக் காவலில் வைக்க மந்திரி கட்டளையிடலாம். இரண்டாண்டு முடிந்தால் கட்டளையைப் புதுப்பிக்கலாம். எத்தனை முறை என்பதற்கு எல்லை இல்லை. நீக்கிய சட்டத்தைப் பற்றி இப்பொழுது என்ன பேச்சு, செத்த பாம்பை அடிப்பானேன் என்று சிலர் கேட்கலாம். பாம்பு சாகவில்லை, சட்டையைத்தான் உரித்திருக்கிறது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

முதலில் இலக்கணம். சாதாரணக் குற்றச் சட்டத்தின் வாக்கியத்துக்குக் குற்றவாளியே எழுவாய். இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னது செய்தார் என்பது அதன் நடை. காலம் இறந்த காலம். நடந்து முடிந்த ஒன்றைக் குறிப்பதால் அதனை மறுக்க வழியுண்டு. அந்நாளில் நான் வேறூரில் இருந்தேன் என்று கூறிச் சாட்சியைக் கொணரலாம். எட்டாம் ஷரத்திலோ காவலுக்குப் போகிறவர் எழுவாயாக இல்லை. அவர் வெறுஞ் செயப்படுபொருள். மந்திரியே எழுவாய். அவ்வெழுவாய் கொண்டு முடியும் சொல் திருப்தி. காலமோ எதிர்காலம். அவர் செய்தது யாது என்ற வினாவே எழுவதில்லை. செய்யக்கூடும் என்பதே விஷயம். தான் ஒன்றைச் செய்யவில்லை என்று மனிதன் ருசுப்படுத்தலாம். இனிச் செய்யமாட்டேன் என்பதை எவனால் ருசுப்படுத்த முடியும்? மேலும், இங்கே ருசுவுக்குரிய விஷயம் மந்திரியின் உள்ளம். அவ்வுள்ளத்துக்கு ஒரே சாட்சி அம்மந்திரியே.

இதனை எழுதுவோன் தோட்டக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஒரு தொழிலாளியின் அரைநாட் சம்பளத்தைக் குறைப்பதாயினும் செக்ரோலில் அந்நாளுக்குரிய கட்டத்தில் குறி இருக்க வேண்டும். தொழிலாளி வந்து கேட்டால் அப்பக்கத்தை விரித்துக் காட்ட வேண்டும். எனக்குத் திருப்தி ஏற்பட்டது, ஆதலால் குறைத்தேன் என்று கூறும் கிராணியை எந்தத் தோட்டமும் ஒரு நாள் வைத்துக்கொள்ளாது. அரைநாட் கூலிக்கு வேண்டிய ருசு இரண்டாண்டு வாழ்க்கைக்கு வேண்டாமென்று எழுதிவைத்த வசனத்தை நாம் என்னென்பது?

நம் இலக்கியத்தில் அவசரக் கட்டளைக்குப் பெயர்போன மன்னன் பாண்டியன் நெடுஞ்செழியன். பொற்கொல்லன் சொல்லை நம்பி விசாரியாமற் கோவலனைக் கொல்வித்தான். அதற்காக நாம் அவனை இன்றளவும் தூற்றுகிறோம். எனினும் சிலப்பதிகாரத்தைக் கூர்ந்து படிப்போர் இரண்டு விஷயங்களைக் காண்பர். ஒன்று, அம்மன்னன் கட்டளையிலும் ஒரு நிபந்தனை இருந்தது. தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருக்குமானால் என்பதே அந்நிபந்தனை. கண்ணாற் காணத்தக்க, கையாற் தொடத்தக்க ஒரு பொருளோடு கட்டளை பிணைந்திருந்தது. மற்றொன்று, கண்ணகி வாயிலில் வந்து நின்றபோது கதவு திறந்தது. தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்தென்று மன்னனே கூறினான். கோவலனிடம் பறித்த சிலம்பை வருவித்து அவள் முன் வைத்தான். அவள் உடைத்தாள்; மாணிக்கம் தெறித்தது. மன்னன் குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர்விட்டான். அநீதி நிகழ்ந்த பின்னராயினும் உண்மை வெளிப்பட்டதற்குக் காரணம், உடைப்பதற்கு ஒரு சிலம்பு இருந்ததே. எட்டாம் ஷரத்தின் கீழ் நடப்பது சிலம்பில்லாத வழக்கு. மலேசிய அரசியல் சாசனத்தின் 151-ஆம் ஷரத்து, காவலில் வைத்த காரணத்தைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று ஒரு கையால் அளிக்கிறது. தேச நலத்துக்கு மாறானவை என்று அதிகாரிகள் கருதும் விவரங்களை வெளியிட வேண்டியதில்லை என்று மறு கையால் வாங்கிக்கொள்கிறது. இக்காலத்துக் கண்ணகி வாயிலில் நின்றால், சிலம்பு இருக்கிறது, ஆனால் காட்டுவது தேச நலத்துக்கு உகந்ததன்று என்பதே விடை.

இவ்வசனம் எங்கிருந்து வந்தது? யுத்த காலத்து இங்கிலாந்தில் 18-பி என்றொரு விதி இருந்தது. ஒருவரைக் காவலில் வைக்க உள்நாட்டு மந்திரி நம்புதற்குத் தக்க காரணம் இருந்தால் என்பது அதன் வாசகம். லிவர்ஸிட்ஜ் என்பவர் தம்மைச் சிறையிட்ட மந்திரி ஆண்டர்ஸன்மீது தொடுத்த வழக்கில், 1941-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை நீதிபதிகளுள் நால்வர், காரணம் இருப்பதாக மந்திரி நினைத்தாற் போதும் என்று பொருள் கூறினர். ஆட்கின் பிரபு ஒருவரே மறுத்தார். கால் முறிந்திருந்தால் என்பதும், கால் முறிந்ததென்று நினைத்தால் என்பதும் ஒன்றாகுமா என்று அவர் கேட்டார். தான் நினைத்ததே சொல்லின் பொருளென்று வாதாடும் ஹம்ப்டி டம்ப்டி என்ற குழந்தைக் கதைப் பாத்திரத்தையும் அத்தீர்ப்பில் நினைவூட்டினார். யுத்தம் முடிந்திராத வேளையில் அவர் அவ்வாறு எழுதினார். பிற்காலத்தில் இங்கிலாந்து நீதிபதிகளே அவர் கூற்றே சரியென ஒப்புக்கொண்டனர்.

ஆனால் அதற்குள் வசனம் கப்பலேறிவிட்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமாகியது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் அதன் விதிகளில் அமைந்தது. 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி அவசரகாலம் முடிந்தது. மறுநாளே புதிய சட்டம் அமுலாயிற்று. அவசரம் ஒழிந்தது, அவசர வசனம் நிரந்தரமாயிற்று. ஆட்கின் பிரபு போராடிக் காத்த தக்க காரணம் என்ற சொற்களுக்கு இப்புதிய நூலில் இடமே இல்லை. திருப்தி என்ற ஒரு சொல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

நூலுக்கு உரையாசிரியர் போலச் சட்டத்துக்கு நீதிபதிகள். 1969-ஆம் ஆண்டு, முன்னாள் பார்லிமெண்டு அங்கத்தினர் கரம் சிங் வழக்கில், சர்க்காரின் திருப்தி போதுமா போதாதா என்று பார்ப்பது தம் வேலையன்று என்பதே மலேசிய நீதிபதிகளின் உரை. 1988-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிங்கப்பூர் அப்பீல் கோர்ட்டு வேறோர் உரை கண்டது. அங்கே திருப்தி அடைய வேண்டியவர் ஜனாதிபதி. அத்திருப்தியும் நியாயமான ஆதாரத்தின்மேல் நின்றதா என்று நீதிமன்றம் பார்க்கலாம் என்று அது கூறி, நால்வரின் காவல் செல்லாதெனத் தீர்த்தது. நால்வரும் விடுதலையான உடனே மீண்டும் பிடிபட்டனர். அடுத்த மாதமே சாசனமும் சட்டமும் திருத்தப்பெற்றன. இவ்விஷயத்தில் 1971-ஆம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி இருந்த சட்டமே இனிச் சட்டம் என்று அத்திருத்தம் விதித்தது. உரை பிடிக்காதபோது மூலத்தையே திருத்தி, நாட்காட்டியைப் பதினேழாண்டு பின்னுக்குத் தள்ளிய பதிப்பாசிரியரை இலக்கிய உலகிற் கண்டதுண்டா? மலேசியாவும் அவ்வாண்டிலேயே, நடைமுறை வழுவினதா என்பதன்றி வேறெதனையும் நீதிமன்றம் கேளாதபடி தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

இவ்வாக்கியம் செய்த வேலையைச் சிறிது பார்ப்போம். சிங்கப்பூர்ச் சட்டசபை அங்கத்தினராயிருந்த சியா தை போ, இத்தகைய சட்டத்தின் கீழ் 1966-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பிடிபட்டார். அவர்மீது எவ்விதக் குற்றமும் சாட்டப்பெறவில்லை, விசாரணையும் இல்லை. 1989-ஆம் ஆண்டு மே மாதம் அவரைச் சிறையிலிருந்து செந்தோசாத் தீவுக்கு மாற்றினர். கட்டுப்பாடுகள் முற்றும் நீங்கியது 1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். முப்பத்திரண்டு ஆண்டுகள்! இரண்டாண்டுகளுக்கு மேற்படாமல் என்ற சொற்றொடரின் உண்மைப் பொருள் இதுவே.

1987-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி மலேசியாவில் தொடங்கிய கைதுகளுக்குச் சர்க்கார் இட்ட பெயர் லாலாங் நடவடிக்கை. லாலாங் என்பது தோட்டத்து மக்கள் நன்கறிந்த களை. வேரோடு பறிக்க வேண்டியது. மனிதரைக் களையென்று பெயரிட்ட பிறகு, அக்களை என்ன குற்றம் செய்தது என்று எவர் கேட்பார்? 106 பேர் பிடிபட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், புக்கிட் மேராவில் கதிரியக்கக் கழிவை எதிர்த்த மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் மீனாட்சி ராமன், சமய ஊழியர், ஆளுங்கட்சியினர் சிலர் என்று பலதரத்தாரும் அதில் அடங்குவர். ஸ்டார், வத்தான், சின் சியூ ஆகிய மூன்று பத்திரிகைகளின் வாயும் அடைபட்டது.

அந்த வழக்குகளுள் ஒன்றில் மட்டும் ஒரு சிலம்பு உடைபட்டது. கைதான வழக்கறிஞர் கர்பால் சிங்குக்குக் கொடுத்த காரணங்களுள் ஒன்று, அவர் பேசியதாகக் கூறப்பட்ட ஒரு பேச்சு. அப்பேச்சை அவர் பேசவே இல்லை என்பது வெளிப்பட்டது. 1988-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ந் தேதி ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றே அவர் மறுபடியும் பிடிபட்டார். அவ்வாண்டிலேயே உச்சநீதிமன்றம், அத்தவறு காவலைக் கெடுக்காதென்று கீழ்மன்றத் தீர்ப்பை மாற்றியது. முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததைக் கண்ட பாண்டியன் உயிர்விட்டான். இங்கே மாணிக்கத்தைக் கண்டும் கட்டளை உயிரோடிருந்தது.

நாட்டுக்கு உண்மையான அபாயமே இல்லையா என்று எதிர்வாதம் செய்வோர் உளர். உண்டு. காடுகளில் ஆயுதப் போர் நடந்தது மெய். 2002-ஆம் ஆண்டு பாலித் தீவில் வெடித்த குண்டுகள் 202 உயிர்களைக் குடித்தன. ஆனால் அக்குண்டுகளை வைத்தோரை இந்தோனேசியா சாட்சிகளோடு பகிரங்க மன்றத்தில் நிறுத்தியே விசாரித்தது. அபாயம் பெரிதாக இருப்பதே ருசுவைச் சோதிப்பதற்குப் பெரிய காரணம். தவறான ஆளை அடைத்துவிட்டுத் திருப்தியோடிருக்கும் சர்க்கார், சரியான ஆளை வெளியில் உலவ விடுகின்றது. பொற்கொல்லன் உலவினான் அன்றோ?

இனி, உரித்த சட்டைக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டில் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்த பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் சொஸ்மா எனப்படும். காவலுக்கு 28 நாள் எல்லையும், அதன்பின் நீதிமன்ற விசாரணையும் விதித்தமை அதன் குணம். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆனால் அவ்விருபத்தெட்டு நாளும் மாஜிஸ்திரேட்டின் பார்வையின்றிப் போலீசாரே வைத்துக்கொள்ளலாம்; அதன்பின்னும் பெரும்பாலோருக்கு ஜாமீன் இல்லை. 2015-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமோ, மந்திரியின் இடத்தில் ஒரு சபையை அமர்த்தி, விசாரணையில்லாத இரண்டாண்டுக் காவலை மீளக் கொணர்ந்தது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28 நாள் அதிகாரத்தை நீட்டிக்கும் தீர்மானம் பார்லிமெண்டில் இரண்டே வாக்குகளால் தோற்றது. ஜூலை மாதம் அதே தீர்மானம் திரும்ப வந்து வென்றது. சிங்கப்பூரிலோ பழைய சட்டம் பெயர்கூட மாறாமல் நிற்கிறது.

தமிழர் இதனைப் பிறர் கதையாகக் கேட்கவியலாது. 2007-ஆம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி கோலாலம்பூரில் இண்ட்ராப் பேரணி நடந்தது. டிசம்பர் 13-ந் தேதி உதயகுமார், மனோகரன், கணபதிராவ், கெங்காதரன், வசந்தகுமார் ஆகிய ஐவர் காமுண்டிங் முகாமுக்குப் போயினர். மனோகரனை மக்கள் 2008-ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தலில், அவர் முகாமில் இருக்கும்போதே, கோத்தா ஆலம் ஷாவில் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தனர். ஐவரும் 2009-இல் வெளிவந்தனர். நியாயஸ்தல விசாரணையின்றியே அவர்களைக் காவலில் வைத்தனர். 2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பத்தாண்டுகளுக்கு முன் போர்க்களத்தில் முடிந்துபோன விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பெயரால், சட்டசபை அங்கத்தினர் இருவர் உள்ளிட்ட பன்னிருவர் சொஸ்மாவின் கீழ்ப் பிடிபட்டனர். தண்டனை கிடைக்க வாய்ப்பில்லை என்று 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அட்டர்னி ஜெனரலே வழக்கைக் கைவிட்டார். அதுவரை அவர்கள் சிறையிற் கழித்த மாதங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

காவல் என்பது தமிழில் அழகான சொல். கொல்லைக்குக் காவல் இருப்பவன் வேலிக்கு வெளியே பார்த்து நிற்பான். பயிரை அஞ்சி, பயிரையே கட்டிவைப்பவன் காவற்காரன் ஆகான். மக்களே பயிர். அவர்தம் உடலுரிமையும் பேச்சுரிமையும் நாட்டின் பாதுகாப்புக்குப் புறம்பானவையல்ல. பாதுகாக்கப்பட வேண்டிய பொருளே அவைதாம்.

எனவே சீர்திருத்தம் விரும்புவோர் கேட்க வேண்டியது ஒன்றே. எந்தப் பெயரில், எந்தக் கட்சி ஆட்சியில், எந்த இனத்தார்மீது இத்தகைய சட்டம் வந்தாலும், அதன் வாக்கியத்தை எடுத்து எழுவாய் யார், காலம் எது, காட்டத்தக்க பொருள் எங்கே என்று பாருங்கள். நம் இனத்தான் பிடிபட்டால் அநீதி, நமக்குப் பிடியாதவன் பிடிபட்டால் பாதுகாப்பு என்று இரண்டு உரை கூறாதீர்கள். இன்று நமக்குப் பிடியாதவன்மேல் நாம் அனுமதிக்கும் வாக்கியம், நாளை எழுவாய் மாறாமல் செயப்படுபொருளை மட்டும் மாற்றிக்கொள்ளும். குற்றமுடையான் என்றால் சிலம்பை மன்றத்தில் வையுங்கள்; உடைத்துப் பார்ப்போம். சிலம்பு இல்லையென்றால் ஆளை விடுங்கள்.