தாழ்த்திய கெப்புக்குச் சேசிஸ் கட்டு எந்தளவு உதவும்?

போனெட்டைத் திறந்ததும் பளபளக்கிற குறுக்குக் கம்பிதான் என் கெப்புக்குப் பூட்டிய சேசிஸ் கட்டுச் செட்டிலேயே ஒன்றுக்கும் உதவாத சாமான். வண்டி, 1990களின் டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப். பின்சக்கர இழுவை மட்டும். முன்னால் டோர்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங். பல கார்களில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் போனெட்டுக்குள் இருக்கும் இரு கோபுரங்களில் சுமையை ஏற்றும். அந்த இரண்டு கோபுரங்களையும் இறுக்கிக் கட்டினால் பலன் தெரியும். இதில் ஸ்பிரிங்கின் சுமை அங்கே வருவதே இல்லை. டோர்ஷன் பார் வழியாகப் பின்னோக்கி ஓடிச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் இறங்குகிறது. படம் எடுக்க நல்ல கம்பி, அவ்வளவுதான்.

முன் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளின் பொருத்துமிடங்களை இணைக்கும் கட்டு வேறு கதை. திருகோணமலை உவர்மலை ஏற்றத்து வளைவுகளில், ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் மூக்கு திரும்புவதற்கும் இடையிலிருந்த சிறு தயக்கம் குறைந்தது. சாய்வு மட்டும் அப்படியே இருந்தது. காரணம் சேசிஸில் இல்லை. வண்டியைத் தாழ்த்தும்போது புவியீர்ப்பு மையம் இறங்குவது உண்மை. ஆனால் கைகளின் கோணம் மாறுவதால் வண்டி சாயும் மையம் அதைவிட வேகமாக இறங்கிவிடலாம். இரண்டுக்கும் இடைவெளி கூடினால், தாழ்ந்த வண்டியும் தாராளமாகச் சாயும். அதற்கு மருந்து தடித்த ஆன்டி ரோல் பார். அதைப் போட்ட பிறகுதான் நிலாவெளி வீதியில் மாட்டுக்கு விலகும்போது பின்பக்கம் தளும்பாமல் வந்தது.

2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தில் இணைப்புக்கு இணைப்பு ஒரு குத்து. எந்தக் கட்டும் அதைத் தணிக்கவில்லை. தாழ்த்தியதில் பம்ப் ஸ்டொப்புக்கு மிஞ்சிய இடைவெளி விரற்கடை அளவுதான். றப்பர் இரும்பில் மோதினால் குத்தாமல் என்ன செய்யும்? குட்டை ஷொக்கும் குறுகிய பம்ப் ஸ்டொப்பும் போட்டதும் முதுகு நன்றி சொன்னது.

பின்புற எக்ஸ் கட்டில்தான் எனக்குச் சண்டை. வெறும் வண்டியில் பெட்டியின் அதிர்வு குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏணிச் சேசிஸ் மேடு பள்ளத்தில் கொஞ்சம் முறுகிக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. கொட்பே மீன்பிடித் துறையில் ஐஸும் மீனும் ஏற்றி மண் ஒழுங்கைக்குள் இறங்குகிற கெப்பில் அந்த முறுக்கைத் தடுத்தால், அழுத்தம் கட்டின் முனைகளில் குவிந்து அங்கேயே வெடிப்பு பிடிக்கும். போதாததற்கு மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர், கட்டின் தகடும் சேசிஸ் சட்டமும் ஒட்டுகிற இடுக்கில் தேங்கித் துருவைத் தொடக்கி வைக்கும்.

காசு கையில் இருந்தால் முதலில் புஷ், ஷொக், வீல் எலைன்மென்ட். பிறகு ஆன்டி ரோல் பார். கடைசியில் அந்த முன் கீழ்க் கட்டு. அதைப் பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட யாரையும் விடவேண்டாம். துளை பக்கச் சுவரில்தான். வெல்டிங் பிடிக்க முன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.