நிற்பவருக்கு எழுதுதல்: மதுரை வட்டாரத்து அருங்காட்சியக வாசகங்கள்

புத்தகம் எழுதுகிறவர் அமர்ந்து படிக்கும் வாசகரை நம்பி எழுதுகிறார். அருங்காட்சியகத்து விளக்கப் பலகைக்கு வாசகம் அமைப்பவரோ, இடுப்பிலே குழந்தையும் தோளிலே பையுமாக, ஊர் திரும்பும் பேருந்துக்கு நேரம் பார்த்தபடி நிற்கும் ஒருவருக்கு எழுதுகிறார். இந்தப் பேதத்தை மனத்தில் இருத்தாமல் எழுதப்படும் வாசகம், எத்தனை சரியான தகவல்களைச் சுமந்திருந்தாலும், பொருளுக்கும் மனிதருக்கும் இடையே திரையாகவே நின்றுவிடுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்துறையின் சிந்தனை புதியதன்று. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பிரவுன் கூட், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, நல்ல அருங்காட்சியகத்தில் வாசகங்களே பிரதானம், பொருள்கள் அவற்றுக்கு உதாரணங்கள் என்று சொல்லும் அளவுக்குச் சென்றார். 1957இல் நூல் எழுதிய ஃப்ரீமன் டில்டன், தகவலை அடுக்குவது விளக்கம் ஆகாது, காண்பவரின் உள்ளத்தைத் தூண்டுவதே விளக்கம் என்று வாதித்தார். சுவீடனின் மார்கரெட்டா ஏகார்வ், ஒரு வரியில் ஒரு கருத்து, சொற்றொடர் இயல்பாக முடியுமிடத்தில் வரி முறிதல் என்று எளிய விதிகளை வகுத்தார். பெவர்லி செரெல், கண்ணெதிரே தெரிவதிலிருந்தே வாசகம் தொடங்க வேண்டும் என்றார். இவர்களுள் கூட் சொன்னதை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். பொருளை நோக்கிக் கண்ணைத் திருப்பிவிட்டு ஒதுங்கி நிற்பதே வாசகத்தின் தர்மம்.

தமிழில் இந்தக் காரியம் தனிக் கவனத்தை வேண்டுகிறது. வினைமுற்று கடைசியில் வருவது நம் மொழியின் இயல்பாதலால், எச்சங்களைக் கோத்து நீளும் வாக்கியத்தில், யார் என்ன செய்தார் என்பது தெரிய நிற்பவர் இறுதிவரை காத்திருக்க நேர்கிறது. கட்டுரையில் அது ஓர் அழகு, பலகையிலோ அது ஒரு பாரம்.

மதுரைத் தமுக்கத்தில், ராணி மங்கம்மாளின் அரண்மனையில், 1959 ஏப்ரல் 15ஆம் தேதி நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். விடுதலைப் போராட்ட வரலாற்றை 265 படங்களாக விரிக்கும் அதன் பகுதியில் வாசகம் நிறையவே வேண்டியிருக்கிறது. ஆனால், 1948 ஜனவரி 30 அன்று காந்தி அணிந்திருந்த, இரத்தக் கறை படிந்த ஆடையின் முன்னே அதிகம் எழுதுவதற்கு எவருக்கும் கை வராது. எனினும் ஒன்றைச் சொல்லலாம்: 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, இதே மதுரையின் மேலமாசி வீதியில்தான் அவர் ஏழை விவசாயியின் அரையாடையைத் தம் உடையாக ஏற்றார். அந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், உபந்யாசம் தேவையில்லை.

அகழாய்வு நடந்த கீழடிக்கு வரும்போது பொறுப்பு மிகுகிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்டு, செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் எழுந்துள்ள அந்த அருங்காட்சியகத்துக்கு ஜனங்கள் ஏற்கெனவே பெருமிதத்தோடு வருகிறார்கள். தக்களியும் உறைகிணறும் அவர்கள் அறியாத பொருள்களல்ல. நூல் நூற்ற பாட்டியை நினைவில் வைத்திருப்பவரிடம் ‘நூல் நூற்கப் பயன்படும் கருவி’ என்று மட்டும் சொல்லி நகர்வது அவருடைய அறிவை அவமதிப்பதாகும். அவர் அறியாதது வேறு: காலத்தை எப்படிக் கணித்தார்கள் என்பது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரி, அமெரிக்காவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, கி.மு. 580 என்ற காலத்தைத் தந்தது. ஆண்டை மட்டும் பொறித்துவிட்டால் அது மனப்பாடத்துக்குரிய எண். ஆழத்தையும் கரித்துண்டையும் சேர்த்துச் சொன்னால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடத் தொல்லியலின் தர்க்கத்தைக் கைப்பற்றிக்கொள்ளும்.

கீழடியிலேயே கிடைத்த, ‘ஆதன்’ என்ற பெயர் கீறிய பானை ஓட்டுக்கு, ‘தமிழி எழுத்துப் பொறிப்புடைய கருப்பு-சிவப்பு மட்கலத்தின் உடைந்த பகுதி’ என்பது போன்ற வாசகம் பதிவேட்டுக்குப் பொருந்தும். நான் எழுதுவதானால் இவ்விதம் எழுதுவேன்: ‘கீறல்களை உற்றுப் பாருங்கள். இது ஒருவருடைய பெயர்: ஆதன். பானை அவருடையதாக இருந்திருக்கலாம். பெயரை அவரே எழுதினாரா? உறுதியாகச் சொல்ல முடியவில்லை.’ இந்தக் கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்லும் அதிகாரிகள் இருக்கக்கூடும். நான் அதை விடேன். ஐயத்தை ஒளிக்காத பலகையையே பார்வையாளர் மற்ற விஷயங்களிலும் நம்புவார்.

மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளின் நிலைமை வேறு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் அடிவாரத்தில் பெரும்பாலும் முதலில் கண்ணிற்படுவது, 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி என்ன தண்டனை என்று அறிவிக்கும் பலகை. சின்னத்தை விளக்கும் வாசகம் இல்லாத குறையை நிரப்பியது ஒரு வாய்மொழி முயற்சி: எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமை நடை’ மதுரை மக்களைச் சமணக் குன்றுகளுக்கு அழைத்துச் செல்ல, கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் பாறையருகே நின்று எழுத்தைப் படித்துப் பொருள் சொன்னார். எதிரே நிற்கும் முகத்தில் சலிப்புத் தென்பட்டவுடன் வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி பேசுகிறவருக்கு உண்டு. பலகை எழுதுகிறவரும் அச்சுக்கு அனுப்புமுன் நாலு பேர் முன்னிலையில் தம் வாசகத்தை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாராயின் அவ்வசதி அவருக்கும் வாய்க்கும். கீழக்குயில்குடிச் சமணமலையின் பேச்சிப்பள்ளத்தில், வரிசையாகச் செதுக்கிய சிற்பங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. இந்த முறையில் எழுதத் துணிகிறவர்கள் தொடங்குவதற்கு அதைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை.