சுகர் மென்பொருளும் அடையாறு மர உருளைகளும்

குழந்தைகளுக்கான கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச்செடுத்தால் சுகரைத் தாண்டிப் போக முடியாது. எம்.ஐ.டி.யின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-ல் அறிவித்த 'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' திட்டத்துக்காக எழுதப்பட்டது அது. பச்சையும் வெள்ளையுமான அந்த எக்ஸ்ஓ லேப்டாப் இன்று கிட்டத்தட்ட அருங்காட்சியகப் பொருள். மென்பொருள் மட்டும் பிழைத்துக்கொண்டது. வால்டர் பெண்டர் 2008-ல் தொடங்கிய சுகர் லேப்ஸ் அதை இன்னமும் வளர்த்து வருகிறது. பழைய லேப்டாப் இரண்டில் டெபியன் போட்டு, அதன்மேல் சுகரை ஏற்றிச் சில வாரம் பார்த்தேன். அதைப் பற்றிய விமர்சனம் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். சுகரில் ஃபைல், ஃபோல்டர் என்ற பேச்சே இல்லை. குழந்தை செய்ததெல்லாம் தானாகவே ஒரு நாட்குறிப்பில் சேர்ந்துகொண்டே போகும். 'அக்கம்பக்கம்' என்றொரு திரை உண்டு. அதே வைஃபையில் இருக்கிற மற்ற குழந்தைகள் அதில் தெரிவார்கள். இன்டர்நெட் இல்லாமலேயே ஒருவர் வரைவதில் இன்னொருவர் சேர்ந்துகொள்ளலாம். ஓடுகிற செயலியின் மூலநிரலைத் திறந்து பார்க்கவும் வழி வைத்திருக்கிறார்கள். கூடிச் செய்வது இதில் பிறகு ஒட்டவைத்த வசதி இல்லை, அடித்தளமே அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆமை. சமபக்க முக்கோணம் வரையச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் ஆமையை 60 பாகை திருப்புவார்கள். முக்கோணம் மூடாது. 'தப்பு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, படமே சொல்லிவிடும். கொஞ்ச நேரம் முட்டி மோதி 120-க்கு வந்து சேர்வார்கள். சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் 1967-ல் உருவாக்கிய லோகோ மொழியின் வாரிசு இது.

இதே தத்துவம் லோகோவுக்கு முன்பே அடையாறுக்கு வந்துவிட்டது, மர உருவில். மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் பிரம்மஞான சபையின் அழைப்பில் இங்கே வந்தார். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், குமிழ் வைத்த பத்து உருளைகள். ஒன்றை இடம் மாற்றிப் போட்டால் கடைசி உருளைக்குக் குழி சரிப்படாது. தவறைக் கருவியே காட்டிக்கொடுக்கும். ஆமையும் இதைத்தானே செய்கிறது?

ஆனால் மாண்டிசோரி உருளைகளை மட்டும் அனுப்பிவிட்டு நிற்கவில்லை. அடையாறில் அவர் முதலில் செய்தது, சுமார் 300 பேருக்கு ஆசிரியர் பயிற்சி. அவரும் மகன் மரியோவும் போர்க்காலத்தை இந்தியாவில் கழித்து 1946-ல்தான் கிளம்பினார்கள். அதுவரை பயிற்சி வகுப்புகளும் தொடர்ந்தன.

'குழந்தைக்கு ஒரு லேப்டாப்' சறுக்கிய இடம் இதுதான் என்பது என் எண்ணம். கருவி போய்ச் சேர்ந்தால் போதும், குழந்தைகள் தாங்களே கற்றுக்கொள்வார்கள் என்று நம்பினார்கள். மிகப் பெரிய அளவில் வாங்கிய நாடு பெரு. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடத்தி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பொது அறிதிறன் சோதனைகளில் மட்டும் கொஞ்சம் ஏற்றம்.

பக்கத்துக் கேரளம் வேறு வழியில் போனது. 2001-ல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் (2017 முதல் 'கைட்') ஆசிரியர்களைப் பெருமளவில் பயிற்றுவித்து, அவர்களை வைத்தே கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. நம்மிடம் 2011-ல் இலவச லேப்டாப் திட்டம் வந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. டெபியனை வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸில் சென்னையின் பங்கு பெரிது. மேல்நிலை, கல்லூரி மாணவர்களுக்கான திட்டம் என்பதால் சுகரோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: லினக்ஸைத் திறந்து காட்ட வகுப்பில் யார் இருந்தார்?

சுகர் மீது இன்னொரு குறையும் உண்டு. மூலநிரலைத் திறந்தால் பைத்தான் வருகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது திறந்தும் மூடியதுதான். உரிமம் கொடுக்கிற சுதந்திரம் அந்தப் பிள்ளை கைக்கு வரவே இல்லை. முத்து அண்ணாமலையின் 'எழில்' மாதிரித் தமிழ்ச் சொற்களில் எழுதும் நிரல்மொழிகள் இருப்பதால் இதை முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது.

இதற்காக சுகரை ஒதுக்கிவிட வேண்டாம். பிரவுசரிலேயே ஓடும் சுகரைசர், மியூசிக் பிளாக்ஸ் இரண்டும் இலவசம். இன்றைக்கே தொட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரு பள்ளி என்னிடம் யோசனை கேட்டால், முதலில் ஆசிரியர் நான்கு பேரை உட்காரவைத்து முக்கோணம் வரையச் சொல்வேன். அவர்களும் 60-ல் ஒருமுறை மாட்டிக்கொண்டு வெளியே வரட்டும். மெஷின் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.